சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது

நவம்பரிலும் ஏப்ரலிலும் சென்னைக் கலைக் கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் நடக்கும். மற்றவர்கள் பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து எழுத, பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் தனியறையில் இருப்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் உட்கார்ந்து வினாத்தாளை வாசித்துக் காட்டுவார். மாணவர் சொல்லும் விடையை எழுதுவார். தேர்வுத் துறை ஆவணங்களில் அவர் 'சொல்வதை எழுதுபவர்'. மாணவர்களுக்கு அவர் 'ஸ்கிரைப்'. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் அரசே இதற்கு ஆசிரியர்களை நியமித்துவிடுகிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு பல இடங்களில் அந்த ஆளை மாணவரே தேடி அழைத்து வர வேண்டியிருக்கிறது.

விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் படிக்க வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? அந்த இடைவெளியில்தான் சிறிய அறக்கட்டளைகள் நிற்கின்றன. எங்கள் பகுதியில் இருக்கும் அப்படியொரு அமைப்போடு பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். வாடகைக்கு இரண்டு அறைகள், ஓர் ஒருங்கிணைப்பாளர், கொஞ்சம் தன்னார்வலர்கள், நிறைய தொலைபேசி அழைப்புகள். அமைப்பு அவ்வளவுதான்.

அங்கே கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு சிறிய தொண்டு அமைப்புக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, வருகிறேன் என்று சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது. திறமையும் பணமும் இரக்கமும் அதற்குப் பிறகுதான் பயன்படும். ஸ்கிரைப் வராத நாளில், ஆறு மாதம் படித்தவர் ஒரு வரிகூட எழுத முடியாமல் அறைக்குத் திரும்புகிறார். அந்தத் தாள் அரியராகிவிடும். அடுத்த வாய்ப்புக்கு இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும்.

முதலில் கேளுங்கள்

தொண்டு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் மனதில் ஒரு வேலையை முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். பாடம் நடத்துகிறேன், பயிலரங்கு வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடுகிறேன் என்பார்கள். எல்லாமே நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வாரம் அமைப்புக்குத் தேவைப்படுவது வரலாற்றுத் தாள் எழுத ஓர் ஆளாகவோ, தாம்பரத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஒரு மாணவியைக் கூட்டிப்போகும் துணையாகவோ இருக்கலாம். முதல் நாள் போனதும் இந்த மாதம் உங்களுக்கு எது குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள். ஓரிரு முறை சும்மா உட்கார்ந்து, அங்கே நடப்பதைக் கவனியுங்கள்.

ஸ்கிரைப் வேலையில் தகுதி விதி ஒன்றும் உண்டு. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வர் தானே அழைத்து வரும் ஸ்கிரைபின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது. பட்டப்படிப்புத் தேர்வு எழுதும் மாணவருக்கு முதுகலை முடித்தவரால் உதவ முடியாமல் போவது இத்தகைய விதியால்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், படிப்பைப் பாதியில் விட்ட குடும்பத் தலைவிகளுக்கும் இங்கே பெரிய இடம் இருக்கிறது. 'நான் என்ன பெரிதாகப் படித்துவிட்டேன்' என்று தயங்கும் அவர்களைத்தான் ஒருங்கிணைப்பாளர் தேடிக்கொண்டிருக்கிறார். டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு, வங்கித் தேர்வு என ஒவ்வொன்றுக்கும் விதிகள் மாறும். அறிவிக்கையையும் நுழைவுச்சீட்டையும் படித்துவிட்டு ஒப்புக்கொள்வது நல்லது.

தேர்வு நாள்

முந்தின நாளே மாணவரிடம் பேசிவிடுங்கள். என்ன பாடம், எந்த மொழியில் எழுதுகிறார், வினாத்தாள் முழுவதையும் முதலில் கேட்க விரும்புகிறாரா, ஒவ்வொரு கேள்வியாகப் போக விரும்புகிறாரா, சிறு தலைப்புகளுக்கு அடிக்கோடு வேண்டுமா என்பதையெல்லாம் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். ஆதார் அட்டை, கல்விச் சான்றின் நகல், புகைப்படம், கல்லூரி கேட்கும் உறுதிமொழிக் கடிதம் ஆகியவற்றை ஓர் உறையில் எடுத்து வையுங்கள். தேர்வு தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். கையெழுத்து வாங்க, அறையைக் கண்டுபிடிக்க, மாணவரின் பதற்றம் அடங்க அந்த நேரம் வேண்டும்.

தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரப்பட வேண்டும் என்றது மத்திய அரசின் அந்த 2018 வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். உங்கள் கை அவ்வளவு நேரம் எழுதும் நிலையில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தண்ணீர், இரண்டு பேனா, காலைச் சாப்பாடு மூன்றும் கட்டாயம்.

வினாவை நிதானமாக, இரண்டு முறை வாசியுங்கள். மதிப்பெண்ணையும், 'அல்லது' என்று தரப்பட்டிருக்கும் மாற்று வினாவையும் விட்டுவிடாதீர்கள். கொள்குறி வினாவில் நான்கு விடைகளையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். உங்களுக்கு விடை தெரிந்திருந்தால் குரல் தானாகவே அந்த இடத்தில் அழுந்தும். பார்வையில்லாத தேர்வர்கள் குரலின் சின்ன அசைவையும் கவனிப்பவர்கள். நேர்மையான மாணவருக்கு அது சங்கடம். தேர்வுக்கும் அது அநீதி.

அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். தவறாகச் சொன்னாலும் தவறாகவே எழுத வேண்டும். ஒரு தாளில் 'வேலூர்ப் புரட்சி 1806' என்று எழுத வேண்டிய இடத்தில் வேறு ஆண்டைச் சொன்னார் ஒரு மாணவர். நான் அப்படியே எழுதினேன். வெளியே வந்ததும் அவரே நினைவுபடுத்திக்கொண்டு, "அக்கா, ஆண்டை மாத்திச் சொல்லிட்டேன்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்க திருத்தியிருந்தா இந்த மார்க் என்னோடதுன்னு சொல்லிக்க முடியாது" என்றார். அந்த மதிப்பெண் பட்டியலில் இருப்பது அவர் பெயர். அதில் நம் அறிவு கலக்கக் கூடாது.

கலைச்சொல்லையும் வேற்று நாட்டுப் பெயரையும் எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பக்கம் முடிந்ததும் கேட்டால் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். நேரத்தை அடிக்கடி சொன்னால் பதற்றம் கூடும். எப்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒரே அறையில் நான்கைந்து இணைகள் இருந்தால் சத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அறைக் கண்காணிப்பாளரிடம் பணிவாகக் கேட்டால் மூலையில் ஓரிடமோ, பக்கத்து அறையோ பெரும்பாலும் கிடைத்துவிடும்.

உடம்பு சரியில்லாமல் போகலாம். வீட்டில் அவசரம் வரலாம். அது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் மாற்று ஆளையும் நீங்களே ஏற்பாடு செய்து தர வேண்டும். இதற்காகவே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு தேர்வுக்கும், தகுதி விதிக்குப் பொருந்தும் ஒரு தோழியிடம் 'தேவைப்பட்டால் வருவாயா' என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன். அப்படி அழைக்கப்பட்ட தோழிகளில் சிலர் பின்பு தாங்களே தன்னார்வலர்களாகிவிட்டார்கள்.

குரலைக் கொடுப்பது

தேர்வு இல்லாத மாதங்களில் புத்தகம் வாசிப்பதுதான் முக்கிய வேலை. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. செய்தித்தாளையும் புத்தகங்களையும் தன் தாய் வாசித்துக் காட்டியதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குரலைத் தன்னார்வலர்தான் தர வேண்டும்.

பதிவு செய்யப் பெரிய கருவி வேண்டாம், கைப்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை வாயிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பாடத் தலைப்பு ஆகியவற்றைச் சொல்லுங்கள். பக்கம் மாறும்போது பக்க எண்ணையும் சொல்லுங்கள். வகுப்பில் ஆசிரியர் பக்கம் சொல்லித்தான் நடத்துவார். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, வரிசை எண்ணோடு பெயர். முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக்கினால் வேண்டிய இடத்தைத் தேடியே மாணவர் களைத்துப்போவார். அட்டவணை வந்தால் தலைப்புகளை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வரிசை வரிசையாக வாசியுங்கள். நாடகக் குரல் வேண்டாம். தெளிவும் நிறுத்தமும் இருந்தால் போதும். பலர் இதை இரட்டை வேகத்தில் கேட்பவர்கள்.

இப்படிச் செய்ய உரிமை உண்டா என்ற சந்தேகம் வரலாம். அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக நூலை வேறு வடிவுக்கு மாற்ற, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுத்தது. இதே நோக்கில் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. பதிவைப் பொதுவெளியில் ஏற்றாமல் அமைப்பின் வழியாக உரியவர்களுக்கு மட்டும் கொடுப்பது நம் பொறுப்பு.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு

கைக்குழந்தை இருப்பவர்கள், முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகியோர் செய்யக்கூடிய வேலை ஒன்று குவிந்து கிடக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகள் கணினியில் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் என்.வி.டி.ஏ. இலவசமானது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இரு இளைஞர்கள் 2006இல் தொடங்கியது. அது தமிழையும் வாசிக்கும், எழுத்துகள் ஒருங்குறியில் இருந்தால். ஆனால் தமிழ்ப் பாடக்குறிப்புகளில் ஏராளமானவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

அவற்றை மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்குவதும், அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக உரையாக்கி மெய்ப்புப் பார்ப்பதும் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய தொண்டு. மெய்ப்புப் பார்க்கும்போது 'ர'வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா, ஒற்றின் புள்ளி விழுந்திருக்கிறதா, ஆண்டு எண்கள் சரியா என்று முதலில் பாருங்கள். 1947 என்பது 1941 ஆகியிருந்தால் மாணவர் அதைத்தான் மனப்பாடம் செய்வார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று எடுத்துக்கொண்டு தவறாமல் முடித்துக் கொடுப்பவரை எந்த அமைப்பும் கொண்டாடும்.

பழகும் முறை

பக்கத்தில் போகும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கிளம்பும்போது 'நான் போய்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனது தெரியாமல் அவர் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. நடக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்வார். அரை அடி முன்னால் நீங்கள் நடந்தால் உங்கள் உடலின் ஏற்ற இறக்கத்திலேயே படியும் மேடும் அவருக்குத் தெரிந்துவிடும். சாலையைக் கடக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு உதவுங்கள். தேநீர்க் கடையில் 'அவருக்குச் சர்க்கரை போடலாமா' என்று கடைக்காரர் உங்களைக் கேட்டால், பதிலை அவரே சொல்ல விடுங்கள்.

உதவி வாங்குபவர் ஒரு பக்கம், கொடுப்பவர் மறுபக்கம் என்று அங்கே பிரிந்து கிடக்கவில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் பார்வையற்றவர். மாணவர்களின் தேர்வு அட்டவணை முழுவதையும் நினைவில் வைத்திருப்பார். எனக்குத் திரைவாசிப்பானைக் கற்றுத்தந்தது ஓர் இளங்கலை மாணவி. படித்து வங்கியிலும் பள்ளியிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். இவர்களிடம் பரிதாபத்தோடு பேசுவது இவர்கள் செய்திருக்கும் வேலையை மதிக்காமல் பேசுவதாகும்.

பணமும் பொருளும்

பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கிறது. அறை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஒளிநகலுக்கும் கைப்பேசி ரீசார்ஜுக்கும் கிடைப்பதில்லை. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் இனிப்புப் பெட்டிகள் குவியும். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் கையில் எதுவும் இருக்காது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட, மாதம் 500 ரூபாய் தானாகப் போய்ச் சேரும்படி வங்கியில் ஏற்பாடு செய்வது அமைப்புக்கு அதிகம் உதவும். இன்ன செலவுக்குத்தான் என்று கட்டிப்போடாதீர்கள். மாதத் தொடக்கத்தில் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒருங்கிணைப்பாளரால் திட்டமிட முடியும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்கிறார்களா, ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்களா, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருகிறார்களா என்று விசாரியுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

பொருளாகக் கொடுப்பதென்றால் வேலை செய்யும் மடிக்கணினி, பழையதானாலும் நன்றாக ஓடும் ஸ்மார்ட்போன், இயர்போன், மடக்கும் வெள்ளைக் கைத்தடி, ஏ4 தாள் ஆகியவை பயன்படும். எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிழிந்த துணியையும் பழுதான கருவியையும் கொடுத்தால், அதை அப்புறப்படுத்தும் வேலைதான் அவர்களுக்கு மிஞ்சும். கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டாம். தம்மை எடுக்கும் படத்தைத் தாமே பார்க்க முடியாத ஒருவரை வரிசையில் நிறுத்தி, கையில் பொட்டலத்தைத் திணித்து ஒளிப்படம் எடுப்பது எந்த வகையிலும் சரியில்லை.

வெளியே தெரியாத வேலைகள்

இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது எளிது என்று நமக்குத் தோன்றும். படத்தில் வளைந்து கிடக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கட்டம் வந்ததும், பார்வையில்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கல்வி உதவித்தொகை, வாசிப்பாளர் உதவித்தொகை, பேருந்துச் சலுகை என்று ஒவ்வொன்றுக்கும் படிவம் உண்டு. முழுமையாகப் பார்வையற்றவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றை வாங்க அலைய ஆள் வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவர் மாதம் ஒரு மாலை வந்தால் தணிக்கைக் காலம் நிம்மதியாகப் போகும்.

இந்த வேலைகளில் அடுத்தவரின் வங்கி விவரமும் கடவுச்சொல்லும் நம் கண்ணில் படும். ரகசிய எண்ணை நாம் தெரிந்துகொள்ளவே கூடாது, அவரே அழுத்தட்டும். வேலை முடிந்ததும், உங்கள் கைப்பேசியில் இருக்கும் அவருடைய சான்றிதழ் நகல்களை அழித்துவிடுங்கள்.

எல்லைகள்

தனிப்பட்ட முறையில் பணம் கொடுக்கத் தோன்றும். அமைப்புக்குத் தெரிவித்து அதன் வழியாகவே கொடுங்கள். இல்லாவிட்டால் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், கூச்சப்படுபவருக்குக் கிடைக்காது. 'உனக்கு நான் வேலை வாங்கித் தருகிறேன்' போன்ற வாக்குறுதி வேண்டாம். வாசிப்பு, பயிற்சி எல்லாம் பலர் இருக்கும் பொது இடத்தில் நடக்கட்டும். அப்படியொரு பொது இடம்தான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்; அங்கே பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும்போது தனியறையில் தனியாக இருக்க வேண்டாம். அந்த விதி பிள்ளையைக் காக்கிறது; உங்களையும் காக்கிறது.

உங்களுக்கும் ஓர் அளவு வேண்டும். எல்லா அழைப்புக்கும் சரி சொல்லி, இரண்டே மாதத்தில் களைத்து, பிறகு தொலைபேசியையே எடுக்காமல் போனவர்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விலக நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லி, கையில் இருக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.

எப்படித் தொடங்குவது

உங்கள் ஊரிலும் இப்படியொரு அமைப்பு இருக்கும். பக்கத்துக் கல்லூரியில் விசாரியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் மனம் முதியோர் இல்லத்தின் பக்கமோ, மாலை நேரப் படிப்பகத்தின் பக்கமோ போகலாம். அங்கேயும் இதே அனுபவம்தான் பொருந்தும். தேவையைக் கேளுங்கள், உங்களால் முடிந்த நாளைச் சொல்லுங்கள், அந்த நாளில் போய் நில்லுங்கள்.

ஸ்கிரைபாக வர விரும்பினால் அக்டோபரிலோ மார்ச்சிலோ பேசுங்கள். அட்டவணை வெளியாகும் அந்த வாரங்களில்தான் ஒருங்கிணைப்பாளர்கள் ஆள் தேடுவார்கள். உங்கள் கல்வித் தகுதி, தமிழில் எழுதுவீர்களா ஆங்கிலத்திலா, எந்தக் கிழமைகளில் வர முடியும், எவ்வளவு தூரம் பயணம் செய்வீர்கள் என்ற நான்கு விவரங்களோடு அழையுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் கூடினால், இந்தப் பருவத்தில் ஒரு மாணவர் ஸ்கிரைபைத் தேடி அலைய வேண்டிய நாட்களைப் படிப்பதற்குச் செலவிடலாம்.